பழைய ஸ்விஃப்டுக்குப் புதிய சக்கரம்: குறைந்த பணத்தில் எதை வாங்குவது?

கேள்வி: 2014 மாடல் மாருதி ஸ்விஃப்ட் வி.எக்ஸ்.ஐ. பெட்ரோல் கார் வைத்திருக்கிறேன். முன்பக்கத்து இரும்பு ரிம்கள் இரண்டும் பள்ளத்தில் அடிபட்டு நெளிந்துவிட்டன. நான்கு டயர்களையும் மாற்ற வேண்டிய நிலை. அன்றாட ஓட்டம் சென்னைக்குள்தான். அவ்வப்போது குடும்பத்தோடு விழுப்புரம் வரை போய்வருவோம். 30,000 ரூபாய்க்குள் 16 அங்குல அலாய் வீலும் டயரும் சேர்த்தே போட்டுத் தருவதாக ஒரு கடைக்காரர் சொல்கிறார். போடலாமா?

பதில்: வேண்டாம். அதே 14 அங்குல இரும்பு ரிம்மிலேயே இருங்கள். நெளிந்த இரண்டை மட்டும் மாற்றிவிட்டு, மிச்சப் பணம் முழுவதையும் நான்கு நல்ல புதிய டயர்களில் போடுங்கள். சாலையைத் தொடுவது டயர்தான். மழையில் பிரேக் பிடித்தால் வண்டி எங்கே நிற்கும் என்பதை முடிவு செய்வதும் அதுதான். ரிம் உறுதியாகவும் வட்டமாகவும் வண்டிக்குப் பொருந்துவதாகவும் இருந்தால் அதன் வேலை முடிந்தது. பணம் குறைவாக இருக்கும்போது அழகான ரிம்முக்குச் செலவழித்துவிட்டு டயரில் மிச்சம் பிடிப்பதைப் போன்ற தவறான சிக்கனம் வேறில்லை.

முதலில் அந்த 30,000 ரூபாய்க் கணக்கைப் பாருங்கள். தரமான புதிய 16 அங்குல அலாய் நான்கு வாங்கினால் அந்தத் தொகையின் பெரும்பகுதி அங்கேயே போய்விடும். மிச்சத்தில் அந்த அளவில் நான்கு புதிய டயர்கள் வராது. ஆகவே அவர் சொல்லும் விலையில் ஏதோ ஒன்று பழையதாக இருக்க வேண்டும். ரிம் விரிசலை ஒட்டவைத்துப் பெயின்ட் அடித்ததாக இருக்கலாம். டயர் பல ஆண்டு வயதானதாக இருக்கலாம். எது பழையது என்று அவரிடம் நேரடியாகவே கேளுங்கள்.

இனி அளவுக்கு வருவோம். உங்கள் டயரின் பக்கவாட்டில் 165/80 ஆர்14 85டி என்று இருக்கும். 165 என்பது மில்லிமீட்டரில் டயரின் அகலம். 80 என்பது அந்த அகலத்தில் எத்தனை சதவீதம் பக்கச்சுவரின் உயரம் என்பது. அதாவது 132 மி.மீ. 14 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில். பக்கச்சுவரை இரண்டால் பெருக்கி, ரிம்மின் 355.6 மி.மீட்டரைக் கூட்டினால் முழுச் சக்கரத்தின் விட்டம் 619.6 மி.மீ. என்று வரும். இந்த எண்ணைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். எந்தக் கடைக்காரர் எந்த மாற்று அளவைச் சொன்னாலும் இதே கணக்கைப் போட்டுப் பாருங்கள். வித்தியாசம் ஒரு சதவீதத்துக்குள் இருந்தால் மேற்கொண்டு பேசலாம். அதற்கு மேல் போனால் வேகமானி தவறாகக் காட்டும். சக்கர வளைவில் டயர் உரசவும் கூடும். பழைய வேகன் ஆரின் 145/80 ஆர்13 டயருக்குப் பதில் 155/80 ஆர்13 போட்டால் விட்டம் ஏறக்குறைய 2.8 சதவீதம் கூடுகிறது. வேகமானி மணிக்கு 100 கி.மீ. என்று காட்டும்போது வண்டி முன்பைவிட ஏறக்குறைய மூன்று கி.மீ. கூடுதல் வேகத்தில் போய்க்கொண்டிருக்கும்.

கடைசியில் இருக்கும் 85 என்பதைப் பலர் கவனிப்பதே இல்லை. அது எடை தாங்கும் குறியீடு. 85 என்றால் ஒரு டயர் 515 கிலோ தாங்கும். மாற்று டயரில் இந்த எண் குறையவே கூடாது. ஆல்டோவின் 12 அங்குல டயரை எடுத்துவிட்டு 13 அங்குல அலாய் போடுகிறவர்கள் இதில்தான் சறுக்குகிறார்கள். 145/80 ஆர்12 அளவின் குறியீடு 74, அதாவது 375 கிலோ. பதிலுக்குப் போடும் 155/65 ஆர்13 அளவின் குறியீடு 73, அதாவது 365 கிலோ. பார்வைக்கு டயர் அகலமாகிறது, ஆனால் தாங்கும் எடை குறைகிறது. குறியீட்டை அடுத்து வரும் ‘டி’ வேக வரம்பு, மணிக்கு 190 கி.மீ. நம் சாலைகளுக்கு அது தாராளம். அதற்கு மேல் எச், வி என்று தேடிப் பணம் கொடுக்கத் தேவையில்லை.

உங்களுக்குச் சொல்லப்பட்ட 16 அங்குலத்தில் வழக்கமாகப் போடுவது 195/55 ஆர்16. அதன் விட்டம் 620.9 மி.மீ., எடைக் குறியீடு 87. கணக்கில் இரண்டுமே சரி. அப்படியானால் நான் ஏன் வேண்டாம் என்கிறேன்? பக்கச்சுவருக்காக. உங்கள் இப்போதைய டயரில் ரிம்முக்கும் சாலைக்கும் நடுவே 132 மி.மீ. ரப்பரும் காற்றும் இருக்கின்றன. 16 அங்குலத்தில் அது 107 மி.மீட்டராகக் குறைகிறது. பள்ளத்தில் சக்கரம் இறங்கும்போது அடியை வாங்கிக்கொள்வது இந்த உயரம்தான். 132 மி.மீ. இருந்தும் உங்கள் ரிம்கள் இரண்டு நெளிந்திருக்கின்றன. உங்கள் வழியில் எத்தகைய பள்ளங்கள் இருக்கின்றன என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டாம். அதே பள்ளத்தில் 107 மி.மீ. டயர் இறங்கினால் பக்கச்சுவர் ரிம் விளிம்புக்கும் பள்ளத்தின் கரைக்கும் நடுவே நசுங்கி, உள்ளே இருக்கும் நூல்கள் அறுந்து, டயர் வீங்கிவிடும். வீங்கிய டயரை ஒட்ட முடியாது, தூக்கித்தான் போட வேண்டும். அலாய் ரிம்மிலும் சிக்கல் உண்டு. இரும்பு நெளியும், அலாய் பெரும்பாலும் விரிசல் விடும். இரும்பில் சிறிய நெளிவைத் தட்டி நேராக்கலாம். விரிசல் விட்ட அலாயை வெல்டிங் செய்து ஓட்டுவதை நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன். மழை நாளில் தண்ணீர் தேங்கி, பள்ளம் எங்கே இருக்கிறது என்றே தெரியாத நம் தெருக்களில் உயரமான பக்கச்சுவர் கொண்ட டயர்தான் சாமானியனின் காப்பீடு.

அலாய் மீது உங்களுக்கு உண்மையிலேயே ஆசை இருந்தால் அதற்கும் நல்ல வழி உண்டு. உங்கள் தலைமுறை ஸ்விஃப்டின் இசட்.எக்ஸ்.ஐ. வகையில் நிறுவனமே 15 அங்குல அலாயும் 185/65 ஆர்15 டயரும் கொடுத்தது. விட்டம் 621.5 மி.மீ.; உங்கள் அளவிலிருந்து 0.3 சதவீதம்தான் வித்தியாசம். எடைக் குறியீடு 88, அதாவது 560 கிலோ. பக்கச்சுவரும் 120 மி.மீ. இருக்கிறது. புதிய வண்டி வாங்கிய உடனே பெரிய அலாய் போட்டுக்கொள்கிறவர்கள் கழற்றிக் கொடுக்கும் நிறுவன அலாய்கள் கடைகளில் கிடைக்கின்றன. பெயர் தெரியாத புதிய அலாயை விட இவை எவ்வளவோ மேல், ஏனென்றால் இவை இந்த வண்டிக்கென்றே வடிவமைத்துச் சோதிக்கப்பட்டவை. ஆனால் ரிம் நான்கு, டயர் நான்கு என்று சேர்த்தால் உங்கள் 30,000 தாண்டிவிடும். அதனால் இதை அடுத்த முறை டயர் மாற்றும் நேரத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.

செலவு கூடாமல் சற்றுக் கூடுதல் பிடிமானம் வேண்டுமானால், அதே 14 அங்குல ரிம்மில் 185/70 ஆர்14 போடுகிறவர்கள் நிறைய. விட்டம் 614.6 மி.மீ., 0.8 சதவீதம் குறைவு. எடைக் குறியீடு 88. ஐந்து அங்குல அகல ரிம்மில் இது உட்காரும். வளைவிலும் பிரேக்கிலும் வண்டி கொஞ்சம் உறுதியாக நிற்கும். பதிலுக்கு எரிபொருள் சற்றுக் கூடுதலாகச் செலவாகும். நிற்கும் இடத்தில் ஸ்டியரிங் திருப்புவது கொஞ்சம் கனமாகத் தெரியும். தரையிலிருந்து உயரம் இரண்டரை மி.மீ. குறையும். நெடுஞ்சாலையில் நிறைய ஓடுகிறவராக இருந்தால் இதையே சொல்லியிருப்பேன். உங்களைப் போல நகருக்குள் ஓடும் வண்டிக்கு 165/80 போதும்.

இனி ரிம். ஜெனரல் பேட்டர்ஸ் சாலையின் உதிரிபாகக் கடைகளில் புதியதும், அலாய் போட்டவர்கள் கழற்றிக் கொடுத்த இரும்பு ரிம்மும் கிடைக்கும். புதுப்பேட்டையில் பழையதற்குப் பஞ்சமில்லை. இரும்பு ரிம்மைப் பொறுத்தவரை பழையது வாங்குவதில் தவறே இல்லை, நூறு கி.மீ. கூட ஓடாமல் கழற்றப்பட்ட ரிம்கள் பாதி விலைக்கு வருவது உண்டு. ஆனால் கண்ணால் பார்த்து மட்டும் வாங்காதீர்கள். சக்கரத்தைச் சுழற்றி எடைச் சமநிலை பார்க்கும் பேலன்சிங் மெஷினில் வெறும் ரிம்மை மாட்டிச் சுற்றச் சொல்லுங்கள். ஓரம் மேலும் கீழும் ஏறி இறங்கினாலோ, இடமும் வலமுமாக ஆடினாலோ வேண்டாம் என்று வைத்துவிடுங்கள். உள்பக்க விளிம்பைத் தடவிப் பாருங்கள். பள்ளத்தில் அடிபடுவது பெரும்பாலும் அந்தப் பக்கம்தான், வெளியே நின்று பார்த்தால் தெரியாது. நட் துளைகள் வட்டமாக இல்லாமல் நீண்டிருந்தால், தளர்ந்த நட்டோடு அந்த ரிம் ஓடியிருக்கிறது என்று பொருள். டயர் உட்காரும் இடத்தில் துரு அரித்திருந்தால் டியூப்லெஸ் டயரில் காற்று நிற்காது. பெயின்ட் புத்தம் புதிதாக மினுங்கினால் அதன் அடியில் என்ன மறைந்திருக்கிறது என்று இன்னும் கூர்ந்து பாருங்கள்.

உங்கள் பழைய ரிம்களை உடனே எடைக்குப் போட்டுவிடாதீர்கள். நெளிவு விளிம்பில் மட்டும் இருந்து, விரிசல் எதுவும் இல்லையென்றால், ரிம் நெளிவு எடுக்கிறவரிடம் சில நூறு ரூபாயில் நேராக்கிவிடலாம். அதையும் மெஷினில் சுற்றிப் பார்த்த பிறகே டயர் ஏற்றுங்கள். நேராக்கியதைப் பின்சக்கரத்துக்கோ ஸ்டெப்னிக்கோ வைத்துக்கொண்டு, முன்னால் நல்ல ரிம்மைப் போடுங்கள்.

வேறு வண்டியின் ரிம்மைக் கொடுத்து, இதுவும் நான்கு துளைதான், பொருந்தும் என்று சொல்வார்கள். துளை எண்ணிக்கை மட்டும் பொருந்தினால் போதாது. ஸ்விஃப்டில் நான்கு துளைகளும் 100 மி.மீ. விட்டமுள்ள வட்டத்தில் அமைந்திருக்கும். நடுத்துளை 54.1 மி.மீ. ஹூண்டாய் ஐ10 ரிம்மிலும் இந்த இரண்டு அளவுகளும் இதேதான். ஆனால் நட்டின் மரை வேறு. மாருதியில் நட் ஏறும் 12 மி.மீ. ஸ்டட்டில் மரை இடைவெளி 1.25 மி.மீ.; ஹூண்டாயில் 1.5. ஐ10 நட்டை ஸ்விஃப்ட் ஸ்டட்டில் ஏர் கன் வைத்து இறுக்கினால் மரை சிதைந்துவிடும். ஹோண்டா நட்டின் உட்காரும் பகுதி உருண்டையாக இருக்கும், நம்முடையது கூம்பு வடிவம். இரண்டும் ஒன்றில் ஒன்று சரியாக அமராது. கடையில் வாங்கும் அலாய்களில் நடுத்துளை பெரிதாக இருக்கும். பல வண்டிகளுக்கும் பொருந்த வேண்டும் என்பதற்காக அப்படிச் செய்கிறார்கள். அந்தத் துளைக்கும், வண்டியில் சக்கரம் மாட்டும் நடுப்பகுதியான ஹப்புக்கும் உள்ள இடைவெளியை நிரப்ப ஹப் ரிங் என்ற வளையம் வேண்டும். அது இல்லாமல் போட்டால் எத்தனை முறை பேலன்சிங் செய்தாலும் 80 கி.மீ. வேகத்தில் ஸ்டியரிங் நடுங்கும்.

ஆஃப்செட் என்ற ஒன்றும் இருக்கிறது. ஹப்பில் அமரும் முகப்பு ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பதைச் சொல்லும் எண் அது. ரிம்மின் உட்புறத்தில் அச்சிட்டிருப்பார்கள். உங்கள் பழைய ரிம்மின் எண்ணும் புதியதன் எண்ணும் ஒன்றாகவோ சில மி.மீட்டருக்குள்ளோ இருக்க வேண்டும். எண் வெகுவாகக் குறைந்தால் சக்கரம் வெளியே துருத்தி நிற்கும். வீல் பேரிங் சீக்கிரம் தேயும். எண் அதிகமான ரிம்மைச் சரிக்கட்ட ஸ்பேசர் என்ற இடைத்தட்டு போடலாம் என்று யாராவது சொன்னால் அந்தக் கடையை விட்டு வெளியே வந்துவிடுங்கள். பிற்பாடு அலாய் வாங்கும்போது ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா, ரிம் தாங்கும் எடை அச்சிடப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். ஜே.டபிள்யூ.எல். என்ற ஜப்பானியத் தர அடையாளத்தைத் தயாரிப்பாளரே சோதித்துப் பொறித்துக்கொள்ளலாம். கூடவே வி.ஐ.ஏ. என்றும் இருந்தால் வெளி அமைப்பு ஒன்று சரிபார்த்திருக்கிறது என்று அர்த்தம்.

டயருக்கு வருவோம். இந்தப் பதிலில் நீங்கள் கட்டாயம் நினைவில் வைக்க வேண்டிய பகுதி இதுதான்.

பழைய டயர் வாங்காதீர்கள். ரிம்மில் பழையது பரவாயில்லை என்று சொன்ன நானே டயரில் கறாராக மறுக்கிறேன், ஏனென்றால் இரும்பின் குறையை மெஷினில் சுற்றிப் பார்த்துவிடலாம், டயரின் உள்காயத்தைப் பார்க்க முடியாது. பஞ்சராகி, காற்றில்லாமல் கொஞ்ச தூரம் ஓடிய டயரின் பக்கச்சுவர் உள்ளுக்குள் வெந்து போயிருக்கும். வெளியே கறுப்புச் சாயம் பூசிப் பளபளக்க வைத்திருப்பார்கள். தேய்ந்த டயரின் பள்ளங்களைச் சூடான கத்தியால் ஆழமாக வெட்டிப் புதியது போல விற்பதும் நடக்கிறது. அதைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. டயரின் நீளவாக்குப் பள்ளங்களில் ஆங்காங்கே சிறிய மேடு குறுக்கே இருக்கும். 1.6 மி.மீ. உயரமுள்ள தேய்மான அடையாளம் அது. பட்டன், அதாவது சாலையைத் தொடும் ரப்பர்க் கட்டிகள், தேய்ந்து அந்த மேட்டின் மட்டத்துக்கு வந்துவிட்டால் டயரை மாற்ற வேண்டும். பள்ளத்தை வெட்டும்போது இந்த மேடும் வெட்டுப்பட்டுக் காணாமல் போகும். மேடு இல்லாத டயரைத் தொடவே வேண்டாம்.

புதிய டயரிலும் வயது பாருங்கள். பக்கச்சுவரில் முட்டை வடிவக் கட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும். 3225 என்றால் 2025ஆம் ஆண்டின் 32ஆவது வாரத்தில் செய்தது. ஆறு மாதத்துக்குள் செய்ததைக் கேளுங்கள். ஓராண்டு தாண்டியதை நல்ல தள்ளுபடி இல்லாமல் வாங்காதீர்கள். இரண்டாண்டு தாண்டியதைத் தள்ளுபடி கொடுத்தாலும் வாங்காதீர்கள். நம் வெயிலில் ரப்பர் ஓடாமல் நின்றாலும் இறுகிக்கொண்டே இருக்கும். அதனால்தான் பட்டன் நிறைய மிச்சமிருந்தாலும் ஐந்தாறு ஆண்டில் டயரை மாற்றிவிட வேண்டும் என்கிறோம். டிக்கியில் கிடக்கும் ஸ்டெப்னிக்கும் இது பொருந்தும். 2014இல் வண்டியோடு வந்த ஸ்டெப்னி இன்னும் அப்படியே இருந்தால் அதை நம்பி விழுப்புரம் போகாதீர்கள். இப்போது கழற்றும் நான்கில் வயது குறைந்தது எதுவோ அதைத் தேர்ந்து, வெடிப்பும் வீக்கமும் இல்லையென்றால், ஸ்டெப்னியாக வையுங்கள்.

எந்த நிறுவனம் என்று கேட்பீர்கள். எம்.ஆர்.எஃப்., அப்போலோ, சியட், ஜே.கே. ஆகிய நான்குக்கும் தமிழ்நாட்டிலேயே ஆலைகள் இருக்கின்றன. உங்கள் அளவு நம் சந்தையில் அதிகம் ஓடும் அளவு. எல்லாரிடமும் புதிய சரக்கு கிடைக்கும். நிறுவனத்தை விட டயரின் வகை முக்கியம். நெடுநாள் உழைக்கும் என்று விற்கப்படும் டயர்களில் பொதுவாக ரப்பர் கடினமாக இருக்கும். ஈரச் சாலையில் பிடிப்பு சற்றுக் குறையும். மாதம் ஆயிரம் கி.மீ.க்கும் குறைவாக ஓட்டுகிறவருக்குப் பட்டன் தேய்வதற்கு முன்பே டயரின் வயது முடிந்துவிடும். அவருக்கு நீண்ட உழைப்பால் என்ன பயன்? ஈரப் பிடிமானம் நல்ல வகையை வாங்குவதுதான் அவருக்கு லாபம். பெயர் கேள்விப்படாத இறக்குமதி டயர் மலிவாக வந்தால் ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். அது இல்லாமல் கார் டயர் விற்கக் கூடாது.

விலையில் ஒரு சங்கதி. 2025 செப்டம்பர் 22 முதல் புதிய டயர்களுக்கான ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்துவிட்டது. அடிப்படை விலை மாறாதிருந்தால் முன்பு 5,000 ரூபாய்க்கு விற்ற டயர் ஏறக்குறைய 4,600க்கு வர வேண்டும். உங்கள் அளவில் நல்ல டயர் ஒன்று 4,000 முதல் 5,000 வரை, வகையைப் பொறுத்து. நான்கு டயர், இரண்டு ரிம், வால்வு, பேலன்சிங், சக்கரங்களின் கோணத்தைச் சரிசெய்யும் அலைன்மென்ட் எல்லாம் சேர்த்து 25,000 ரூபாயை ஒட்டி முடிந்துவிடும். டயரின் விலையை மட்டும் கேட்காமல், மாட்டி ஓட்டிக்கொண்டு போகும் வரை மொத்தம் எவ்வளவு என்று கேட்டு மூன்று கடைகளை ஒப்பிடுங்கள். பழைய டயருக்கு என்ன கழிவு தருவார்கள் என்பதையும் அப்போதே பேசிவிடுங்கள். டயரின் தொடர் எண் குறித்த ஜி.எஸ்.டி. ரசீது இல்லாவிட்டால் உற்பத்திக் குறைக்கு உத்தரவாதம் கேட்பது கடினம். நைட்ரஜன் நிரப்பக் கூடுதல் பணம் கேட்டால் மறுத்துவிடுங்கள். சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான்.

கையில் பணம் குறைந்து இப்போதைக்கு இரண்டு டயர்தான் முடியும் என்றால், புதியதைப் பின்னால் போடுங்கள். இழுப்பது முன்சக்கரம், அதனால் புதியது முன்னால் என்று கடையில் வாதிடுவார்கள். ஆனால் தேங்கிய தண்ணீரில் முன்சக்கரம் பிடி இழந்தால் வண்டி நேராக வழுக்கும், ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் கட்டுக்குள் வரும். பின்சக்கரம் பிடி இழந்தால் வண்டி சுழன்றுவிடும். சாதாரண ஓட்டுநரால் அதை மீட்க முடியாது.

புதிய டயர் ஏற்றும் முன், கழற்றியவற்றின் தேய்மானத்தைப் பாருங்கள். உள்ஓரம் மட்டும் தேய்ந்திருந்தால் அலைன்மென்ட் கெட்டிருக்கிறது. இரண்டு ஓரமும் தேய்ந்திருந்தால் காற்றைக் குறைவாக வைத்து ஓட்டியிருக்கிறீர்கள். நடு மட்டும் என்றால் அதிகமாக. ரிம் நெளியும் அளவுக்கு அடிபட்ட வண்டியில் லோயர் ஆர்ம் புஷ், பால் ஜாயின்ட், டை ராடு எண்ட் ஆகிய சக்கர இணைப்புப் பாகங்களில் ஆட்டம் இருக்க வாய்ப்பு அதிகம். இவற்றைச் சரிபார்க்காமல் அலைன்மென்ட் செய்வது வீண்; ஒரு மாதத்தில் மறுபடியும் விலகும், புதிய டயரைத் தின்றுவிடும்.

நட்டுகளை ஏர் கன்னால் முழுதாக இறுக்க விடாதீர்கள். பாதி வரை ஏற்றியபின் கையால், இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரென்ச் வைத்து, எதிரெதிர் மூலையாக இறுக்கச் சொல்லுங்கள். ஐம்பது முதல் நூறு கி.மீ. ஓடியதும் மறுபடி இறுக்கம் பாருங்கள். காற்றின் அளவு ஓட்டுநர் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் தாளில் இருக்கிறது. காலையில் டயர் குளிர்ந்திருக்கும்போது அதன்படி வையுங்கள். நாளைக்கு அலாய் போட்டு வேறு வகை நட் வாங்கினாலும் இந்தப் பழைய நட்டுகளில் நான்கை ஒரு பையில் போட்டு டிக்கியில் வைத்திருங்கள். அலாய் நட் இரும்பு ஸ்டெப்னியில் சரியாக உட்காராமல் போகலாம், அது தெரியவருவது பஞ்சரான இடத்தில்தான்.